இரவல் கெட்டிக்காரன்

நான் கெட்டிக்காரன் என்று முதலில் கண்டுபிடித்தவர் திருவானைக்காவலில் எனக்குப் பாடம் சொன்ன தலைமையாசிரியர். கணக்கிலோ செய்யுளிலோ அல்ல. ஒருநாள் காலை அவர் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வராத பையன்களுக்கும் சேர்த்து நான் "ஆஜர் சார்" சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவனுக்கு மூக்கடைத்த குரல், ஒருவனுக்குத் தூக்கக் குரல், மாடு மேய்க்கப் போய்விட்ட ஒருவனுக்கு வார்த்தையில் பாதியை முழுங்கும் குரல். நடுவில் அவர் தலை நிமிர்ந்தது. நான் முதுகைத் திருப்பிக் காட்டினேன், அதுதான் வழக்கம். அடி விழவில்லை. திரும்பிப் பார்த்தால், சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பவர் மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"நாளைக்கு மூஞ்சி கழுவிட்டு வா" என்றார்.

இது முப்பதுகளில் நடந்தது. பிள்ளைகளின் புத்தியை அளக்க இன்று என்னென்னவோ முறைகள் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அவருடைய முறை அவ்வளவுதான்: அதிகாரியின் முகத்தைப் பார்த்துக் கூசாமல் பொய் சொல்கிறவன் கெட்டிக்காரன். பிற்பாடு ஊர் ஊராகத் திரிந்து பலவகை அதிகாரிகளிடம் வேலை பார்த்தவன் என்ற முறையில், அந்த அளவுகோலில் பெரிய குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பள்ளிக்கூடம் அவருடைய சொந்தச் சொத்து. ஓர் அரிசி மண்டியின் முன்கட்டை வாடகைக்குப் பிடித்து நடத்தினார். தலைமையாசிரியர் அவர், மானேஜர் அவர், பெருக்குகிறவரும் அவர். சர்க்கார் கிராண்டுப் பணம் வந்தால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். கிராண்டு வர வேண்டுமானால் வருஷத்தில் ஒருநாள் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்போது பெஞ்சு நிறையப் பையன்கள் இருக்க வேண்டும்; கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொல்லவும் வேண்டும். பையன்களுக்குப் பஞ்சமில்லை. முதல்நாள் சாயங்காலம் தெருவில் பொரி கொடுத்தால் அடுத்தநாள் பெஞ்சு நிறைந்துவிடும். பதில் சொல்கிறவனைத்தான் பொரி போட்டுப் பிடிக்க முடியாது. அந்த இடத்துக்குத்தான் என்னை எடுத்தார்.

முதல் இன்ஸ்பெக்‌ஷனில் நான் நன்றாகவே பதில் சொன்னேன். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைச் சத்தமாகச் சொன்னேன். பழைய இன்ஸ்பெக்டர் வயசானவர். காப்பி வந்ததும் கேள்வியை நிறுத்திவிடுகிறவர். எல்லாம் சுமுகமாக முடிந்தது. செய்தி பரவியது.

பரவியது என்றால் ஊரெல்லாம் இல்லை. என் தலைமையாசிரியரோடு ஒரே டிரெயினிங் ஸ்கூலில் படித்த இரண்டு பேருக்குப் போனது. ஒருவர் ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியின் பின்புறம் ஒரு சந்தில் பள்ளிக்கூடம் வைத்திருந்தார். இன்னொருவர் பாலக்கரையில், ஒரு வண்டிப்பட்டறைக்கு மாடியில். இருவருக்கும் இதே கவலை. அதனால் என்னை இரவல் கேட்டார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பக்கத்து வீட்டில் பித்தளைக் குடம் இரவல் வாங்குவதில்லையா, அந்த மாதிரி.

இரவல் போகிற இடத்தில் எனக்கு என் பெயர் கிடையாது. அந்தந்தப் பள்ளியில் பேர் பதிந்துவிட்டு வராமல் இருக்கும் ஒரு பையனின் பெயர்தான் எனக்கு. ஸ்ரீரங்கத்துப் பெயர் நீளமானது, சொல்லி முடிப்பதற்குள் இன்ஸ்பெக்டர் அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவார். பாலக்கரைப் பெயர் சின்னது. நெற்றியும் மாறும். திருவானைக்காவலில் விபூதி. ஸ்ரீரங்கத்தில் அந்தத் தலைமையாசிரியரே என்னை மடியில் சாய்த்துத் திருமண் இட்டுவிடுவார். சிவந்த ஸ்ரீசூர்ணப் பொடி கண்ணில் விழும். பாலக்கரைக்குக் காவேரியில் மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வெறும் நெற்றியோடு போனால் போதும். அதனால் எனக்குப் பாலக்கரைதான் பிடித்த மதம்.

கூலி சாப்பாடு. ஸ்ரீரங்கத்தில் தயிர்சாதம், எட்ட உட்காரவைத்து, உயரத்திலிருந்து இலையில் போடுவார்கள். பாலக்கரையில் இட்டிலியும் கறிக்குழம்பும். என் அம்மா ஓட்டலில் மாவரைத்துக்கொண்டிருந்தாள். அப்பா பினாங்குக்குப் போனவர், போனவர்தான். அம்மாவுக்கு எந்நேரமும் ஈரத்தில் இருந்து விரலிடுக்கெல்லாம் புண். நான் எந்தச் சாமியைக் கும்பிட்டுச் சாப்பிட்டேன் என்று அவள் கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்பாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பழைய இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் புதியவர் வந்தார். இளவயசு. கோட்டு, தலைப்பாகை, பஞ்சகச்சம். காப்பி குடிக்காதவர் என்று தெரிந்ததும் மூன்று தலைமையாசிரியர்களும் பாடப்புத்தகங்களைத் தேடி எடுத்தார்கள். மேல்படிப்புப் படித்த இடத்தில் அவர் ஒரு புது வித்தையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். ஒரு பிள்ளைக்குப் புத்தி எவ்வளவு என்பதைப் பாடத்தைக் கேட்காமலே கண்டுபிடித்துவிடலாம்; அதற்கு ஒரு மரப்பெட்டியும் ஒரு கடிகாரமும் போதும்; பிறவியில் எவ்வளவு வந்ததோ அவ்வளவுதான், அது ஏறாது இறங்காது என்பது அந்த வித்தை.

அவர் சொல்லி ஜில்லா போர்டும் ஒத்துக்கொண்டது. சுற்றுவட்டார ஆரம்பப் பள்ளிகள் தத்தம் பள்ளியில் மிகவும் புத்திசாலியான பையனை அனுப்ப வேண்டும். எல்லாரையும் பெட்டியில் போட்டுப் பார்த்து, ஒரே ஒருவனைப் பொறுக்குவார். அவனுக்குக் கோட்டைப் பக்கத்து ஹைஸ்கூலில் சம்பளமில்லாத படிப்பு, போர்டிங்கில் இடம், இரண்டுவேளைச் சாப்பாடு.

நான் ஐந்தாம் வகுப்பு முடிக்கப்போகிறேன். அதற்குமேல் படிக்கச் சம்பளம் கட்ட வேண்டும். கட்ட ஆளில்லை. ஆகவே எனக்கு முன்னால் இரண்டு வழிதான்: இந்தப் பெட்டி, இல்லாவிட்டால் ஓட்டலில் எச்சில் இலை. அம்மாவுக்கு இது சட்டென்று விளங்கிவிட்டது. விளங்காமல் போனது தலைமையாசிரியருக்கு. அவர் மண்டிக்காரரின் மகனை அனுப்பப்போவதாகச் சேதி வந்தது.

அம்மா கையில் மாவோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள்.

"ஏங்கய்யா, மண்டிக்காரர் மகனையா அனுப்புறீங்க? அந்தப் புள்ளைக்குத் தன் வீட்டு வாசப்படி இன்னும் அடையாளம் தெரியாதே."

"வாடகை பாக்கி இருக்கும்மா" என்றார் தலைமையாசிரியர், ஒளிக்காமல். "அது மட்டுமில்ல. இவனைப் பொறுக்கிட்டாங்கன்னு வையி, அடுத்த வருஷம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு நான் யாரை வச்சுச் சமாளிக்கிறது?"

"அப்ப எம்புள்ள கெட்டிக்காரனா இருக்கிறதுனாலதான் அனுப்ப மாட்டீங்க."

"அப்படிச் சொன்னா தப்பா இருக்கு. ஆனா அதான்."

"சரிங்க. அனுப்பாட்டிப் போங்க. அடுத்த தடவை அவரு வரும்போது நானே வந்து வாசல்ல நிக்கிறேன். இந்த எருமை மேய்க்கிற புள்ளைங்க பேரையெல்லாம் ஒண்ணொண்ணா அவருக்குச் சொல்லித் தர்றேன்."

தலைமையாசிரியர் என்னை அனுப்பச் சம்மதித்தார். மண்டிக்காரருக்கு ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பரீட்சை கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில். வாசலில் மார்புக்குக் குறுக்கே டவாலிப் பட்டை போட்ட சேவகர் ஒருவர் நின்று பேர் கூப்பிட்டு, பையன்களை ஒவ்வொருவராக உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். தாழ்வாரம் முழுக்கப் பையன்களும் அவர்களைக் கூட்டிவந்த வாத்தியார்களும். எல்லாரும் எண்ணெய் தடவித் தலை வாரி ஒரே மாதிரி பளபளத்தோம். வரிசையில் முன்னாலேயே எங்கள் பள்ளியின் பேர் வந்தது. நான் போனேன்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்க்கவில்லை. அவர் கண் முழுக்கக் கடிகாரத்தின் மேல். அமுக்கினால் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். அவர் முன்னால் ஒரு பலகை. அதில் வட்டம், சதுரம், அரைவட்டம், நட்சத்திரம் என்று குழிகள். பெட்டியைக் கவிழ்த்தார். மரத்துண்டுகள் உருண்டன. "போடு" என்றார். நட்சத்திரம் மட்டும் படுத்தியது. அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கடைசியில் குத்தி இறக்கினேன். பிறகு அவர் சொன்ன எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார். பாதியில் தடுமாறினேன். பிறகு ஒரு படம்: மேஜையில் துரை உட்கார்ந்து சாப்பிடுகிறார், இதில் என்ன இல்லை?

"சோறு இல்ல சார்" என்றேன்.

அவர் உதடு லேசாகச் சுழித்தது. துரையின் நாற்காலிக்கு ஒரு கால் இல்லை என்பது பிறகுதான் என் கண்ணில் பட்டது.

"ஸ்டேஷனுக்குப் போறே. ரயில் போயிட்டுது. என்ன செய்வே?"

"போனாப் போகுது சார். நான் டிக்கெட்டு எடுத்திருக்க மாட்டேன்."

உதடு இன்னும் கொஞ்சம் சுழித்தது. எழுதிக்கொண்டார். "போ" என்றார்.

வெளியே வந்தேன். என் தலைமையாசிரியர் பதைத்துக்கொண்டு ஓடிவந்தார். அவருக்கு முன்னால் இன்னொரு கை என் தோளைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்தது. ஸ்ரீரங்கத்துத் தலைமையாசிரியர்.

"வாடா அம்பி, நாழியாயிடுத்து. அடுத்தாப்பல நம்ம பேர்தான்." வேட்டித் தலைப்பில் எச்சில் தொட்டு என் விபூதியை அழுத்தித் துடைத்தார். மடியிலிருந்து திருமண் கட்டியை எடுத்தார். எல்லாம் தயாராகக் கொண்டுவந்திருந்தார்.

"சாமி, இது என் பையன்" என்றார் என் தலைமையாசிரியர், தொண்டைக்குள்.

"யார் இல்லைன்னா? உள்ளே போய்ட்டு வந்தப்புறம் உம்ம பையனாவே இருக்கட்டும். மூணு வருஷமா எங்க ஸ்கூல்ல இவன்தான் பதில் சொல்லிண்டிருக்கான். இப்போ வேற ஒருத்தனைக் கொண்டுவந்து நிறுத்தினா சந்தேகம் வராதோ?"

"அவரு புதுசு. பழையவன் எவன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"வேணும்னா நீரே உள்ளே போய்ச் சொல்லும். நான் வேண்டாங்கலை."

அதுதான் சிக்கல். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க முடியாது. ஒருவர் வாயைத் திறந்தால் மூன்று பள்ளிக்கூடத்தின் கிராண்டும் போகும். அதற்குள் மூன்றாமவரான பாலக்கரைத் தலைமையாசிரியரும் கையில் ஈரத்துண்டோடு வந்து நின்றார். எதற்கு ஈரத்துண்டு என்று ஒருவரும் கேட்கவில்லை.

"நீங்களுமா?" என்றார் என் தலைமையாசிரியர்.

"எனக்குக் கடைசி வரிசைங்க. ஒண்ணும் அவசரமில்ல. நிதானமா முடிச்சுக் குடுங்க" என்றார் பாலக்கரைக்காரர்.

நான் நாமத்தோடு உள்ளே போனேன். நட்சத்திரத்தை இந்தத் தடவை சரியான பக்கம் பிடித்துப் போட்டேன். எண்கள் அதே எண்கள். நாற்காலிக்குக் கால் இல்லை என்றேன். ரயிலுக்கு "அழ மாட்டேன் சார்" என்றேன். அதுவும் சரியில்லை என்று உதடு சொல்லியது. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தையும் தாளையும் விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டவாலிச் சேவகர்தான் நான் வெளியே வரும்போது என் நெற்றியை உற்றுப் பார்த்தார். ஸ்ரீரங்கத்துத் தலைமையாசிரியர் அவர் கையில் வெற்றிலைப் பொட்டலம் ஒன்றை வைத்தார்.

கடைசியில் வெறும் நெற்றியோடு மறுபடி வாசலுக்குப் போனபோது சேவகர் என் காதருகே குனிந்தார்.

"ஏன் தம்பி, உள்ள என்ன, கூத்தா நடக்குது? திரும்பத் திரும்ப வர்றியே, அவ்வளவு நல்லாருக்கா?"

மூன்றாவது தடவை நான் பலகையைப் பார்க்காமலே துண்டுகளைப் போட்டேன். எண்களைப் பாட்டு மாதிரி சொன்னேன். ரயிலுக்கு, "அடுத்த ரயில் எப்பன்னு கேட்டுக் காத்திருப்பேன் சார்" என்றேன். அதுதான் அவர் எதிர்பார்த்த பதில். அந்தக் காலைப்பொழுது முழுக்க முதல் தடவையாக அவர் கடிகாரத்திலிருந்து நிமிர்ந்து சிரித்தார். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார். ஆனால் எதையும் பார்க்கவில்லை. சந்தோஷத்தில் இருப்பவர்களுக்குக் கண் தெரியாது.

மூன்றாவது தடவை மக்கு மாதிரி நடித்திருக்கலாமே என்று பிறகு பலரிடம் கதை சொல்லும்போது கேட்டிருக்கிறார்கள். உண்மைதான். மக்காக நடிப்பது எனக்கு வராத வேலையும் அல்ல. ஆனால் நட்சத்திரத்தின் குழி எது என்று தெரிந்தபிறகு அதை வேண்டுமென்றே வட்டத்தில் வைக்கக் கை வராது. அதற்கு வேறுவகைப் புத்தி வேண்டும். அந்த வகையைச் சோதிக்க அவர் பெட்டியில் துண்டு எதுவும் இல்லை.

முடிவு வந்தது. பாலக்கரைப் பையன் முதல். ஸ்ரீரங்கத்துப் பையன் இரண்டாவது. திருவானைக்காவல் பையன் மூன்றாவது. அந்த வட்டாரத்திலேயே முதல் மூன்று புத்திசாலிகளும் நான்தான். இடம் ஒன்றுதான். அது பாலக்கரையில் ஒரு சுருட்டுக்காரரின் மகனுக்குப் போனது. அவன் பெயரில்தான் நான் அங்கே பதில் சொல்லி வந்தேன். அவனை நான் பார்த்ததே இல்லை.

"வெளிய சொல்லாதே தாயி" என்று தலைமையாசிரியர் அம்மாவிடம் கெஞ்சினார். "மூணு பள்ளிக்கூடமும் போயிடும்."

"போகட்டும். எம்புள்ளையக் கறிவேப்பிலை மாதிரிக் கிள்ளிக் கிள்ளிப் போட்டீங்கள்ல" என்றாள் அம்மா. என் கையைப் பிடித்துக்கொண்டு கண்டோன்மெண்டில் இருந்த இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு நடந்தாள்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. விரட்டாமல், வராந்தாவில் நிற்கவைத்து, முழுக்கக் கேட்டார். அம்மா ஒன்றும் விடாமல் சொன்னாள்: விபூதி, நாமம், ஈரத்துண்டு.

"நீங்க சொல்றது நடக்கக்கூடிய காரியமில்லம்மா" என்றார் பொறுமையாக. "மூணு பையனுக்கும் வந்த அளவு வேற வேற. ஒரே பையனா இருந்தா ஒரே அளவுதான் வரணும். புத்திங்கிறது உயரம் மாதிரி. காலையில அளந்தாலும் அதே, மத்தியானம் அளந்தாலும் அதே. உங்க பையன் மத்தியானத்துக்குள்ள ஒரு சாண் வளந்துடுவானா?"

"உசரம் வளராதுங்க. வயிறு மாறும்ல. அவன் நடுவுல ரெண்டு தடவை சாப்பிட்டான்."

அவர் சிரித்தார். "சரி, அவனையே கேப்போம்." என்னிடம் திரும்பினார். "உன் பேர் என்ன?"

அவர் குரலில் அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குப் பழைய பழக்கம் வந்துவிட்டது. பக்கத்தில் எந்தத் தலைமையாசிரியர் நிற்கிறார் என்று பார்த்துத்தான் நான் அதற்குப் பதில் சொல்வது. பார்த்தேன். யாருமில்லை.

"எந்த ஸ்கூலுக்கு சார்?" என்றேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் முகத்தில் இரக்கம் வந்தது.

"பேரே சொல்லத் தெரியலியேம்மா" என்றார் தணிந்த குரலில்.

"மறுபடி பெட்டியக் குடுத்துப் பாருங்க சார்! கண்ணக் கட்டிக்கிட்டுப் போடுவான்!"

"ஒருதரம் பாத்த பையனை மறுதரம் பாக்கக்கூடாது. பழகிடும், அப்புறம் அளவு தப்பா வரும்."

"அதைத்தானே சாமி வந்ததுலேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்!"

 அவருக்குள் ஏதோ ஆடியது என்றே நினைக்கிறேன். பிறகு உள்ளே போய் ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்துவந்து அம்மா கையில் கொடுத்தார். "தாயாரா இருந்தா இப்படித்தான் தோணும்" என்றார். பழம் நல்ல பழம். பாலக்கரை வருவதற்குள் தீர்ந்துவிட்டது.

இத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் சுருட்டுக்காரர் தன் மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடியாது என்றுவிட்டார். புகையிலையில் நடுநரம்பைக் கிழித்து எடுக்கும் வேலை அந்தப் பையனுடையது. அதற்காகத்தான் அவன் எந்நாளும் வகுப்புக்கு வராமல் இருந்தான். பள்ளியில் அவன் பெயரை எழுதியவர்களுக்கே அவன் முகம் தெரியாது. மக்கா, கெட்டிக்காரனா, யாருக்குத் தெரியும்? இப்போது அவன் போகாவிட்டால் இன்ஸ்பெக்டர் தன் முதல் புத்திசாலியைத் தேடிக்கொண்டு நேராகப் பாலக்கரைக்கு வருவார். போனாலும் ஆபத்துதான்: பள்ளி திறக்கும் அன்று போர்டு மெம்பர்கள் முன்னால் பையனை நிறுத்தி, பெட்டியைக் கொடுத்துக் காட்டப்போவதாக அவர் சொல்லியிருந்தார்.

மூன்று தலைமையாசிரியர்களும் சேர்ந்து எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். நடுவில் என் வயசில் ஒரு பையன். விரல்கள் புகையிலைக் கறையில் பழுப்பேறி இருந்தன.

"நீதாண்டா இவனைத் தயார் பண்ணணும்" என்றார் பாலக்கரைக்காரர். மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

அம்மா கதவை அடைக்கப் போனாள். எனக்கு அவனைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. என் பெயர்களில் ஒன்று கைகால் முளைத்து வந்து நிற்கிறது. பார்க்காமல் எப்படி இருப்பது? அவனைக் கூட்டிக்கொண்டு காவேரி மணலுக்குப் போனேன்.

கோடை, ஆற்றில் ஊற்றுத் தோண்டிய இடங்களில்தான் ஈரம். ஈரமணலில் வட்டம், சதுரம், நட்சத்திரம் எல்லாம் குழித்தேன். ஓட்டாஞ்சில்லுகளைக் கல்லில் உரசி அதே உருவங்களுக்குக் கொண்டுவந்தேன். நட்சத்திரம் செய்யத்தான் நேரமானது. அவன் பக்கத்தில் குந்தி வேடிக்கை பார்த்தான்.

"நீதான் நானா?" என்றான்.

"ஆமா."

"எனக்கு மார்க்கு நல்லா வாங்கியிருக்கேன்னு சொன்னாங்க."

"மூணாவது தடவைதான் முழுசா வந்தது" என்று சொல்லிவிட்டுச் சில்லுகளைக் கலைத்துக் கவிழ்த்தேன். "போடு. நட்சத்திரத்துல மாட்டிக்குவே. கவலைப்படாத, நான் சொல்லித் தர்றேன்."

அவன் போட்டான். எல்லாவற்றையும். நட்சத்திரத்தைக் கையில் எடுத்து ஒரே தடவை திருப்பினான், உட்கார்ந்துவிட்டது. கடிகாரம் என்னிடம் இல்லை, தேவையும் இருக்கவில்லை.

"முன்னாடியே யாராவது காட்டினாங்களா?"

"இல்லையே. இலையில எந்தப் பக்கம் நரம்பு ஓடுதுன்னு பாக்கிற மாதிரிதானே. இது லேசு." சுற்றுமுற்றும் பார்த்தான். "இவ்வளவுதானா? வேற ஏதாவது வச்சிருக்கியா?"

எண்களைச் சொன்னேன். தலைகீழாகத் திருப்பிச் சொன்னான். நானே புதிதாக நீளமாகச் சேர்த்துச் சொன்னேன். அதையும் சொன்னான். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவனுக்கு நான் வாங்கிக்கொடுத்த முதலிடம் என்று நினைத்துக்கொண்டு ஆற்றுக்கு வந்தேன். இங்கே பார்த்தால் பெட்டி தப்பான பையனைச் சோதித்துச் சரியான பையனைக் கண்டுபிடித்திருக்கிறது. இன்ஸ்பெக்டரிடம் இதைச் சொன்னால் "என் வித்தை பொய்க்காது பார்" என்பார். நான் சொல்லவில்லை. கரையில் காத்திருந்த வாத்தியார்களிடம், "நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றேன். என் தலைமையாசிரியர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அவர்கள் போனபிறகு அவன் தன் இடுப்பிலிருந்து இரண்டு துண்டுச் சுருட்டு எடுத்தான். பற்றவைத்துக்கொண்டோம். எனக்கு இருமல் வந்தது, அவனுக்கு வரவில்லை.

"போர்டிங்ல நெசமாவே ரெண்டு வேளையும் சோறு போடுவாங்களா?"

"போடுவாங்க."

"நான் போகணும்னுதான் இருக்கு" என்றான். "எங்கப்பா விட மாட்டாரு. என் எடத்துல நரம்பு கிழிக்க ஆள் வேணும்ல." கொஞ்சம் புகைத்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தான். "உனக்குத்தான் எம்பேரு பழக்கமாச்சே. நீ வர்றியா?"

ஓட்டலில் எச்சில் இலைக்கு அது பரவாயில்லை என்று தோன்றியது. அம்மாவும் அப்படித்தான் சொன்னாள், அழுது முடித்தபிறகு. பள்ளி திறந்த அன்று அவன் போர்டு மெம்பர்கள் முன்னால் நட்சத்திரத்தைப் போட்டுக் காட்டினானாம். எல்லாரும் கை தட்டினார்களாம். கடைசி வகுப்புவரை முதலாவதாகவே படித்தான். பள்ளி திறந்த அதே காலை நான் பாலக்கரையில் அவன் பலகையில், அவன் பாயில் உட்கார்ந்து இலைக்கு நரம்பு கிழித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் கஞ்சி, நெத்திலிக் கருவாடு. சுருட்டுக்காரர் வாய் மறந்து என்னைத் தன் மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். திருத்த நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் "ஆஜர்" சொல்லவில்லை. எழுந்துபோய் அவர் கேட்ட கத்தியை எடுத்துக் கொடுத்தேன். அங்கிருந்து ஓடிப்போகிறவரை அந்தப் பெயரிலேயே இருந்தேன்.